தியேட்டருக்குள் நிற்கும் கார்கள்: டெட்ராய்ட் மிச்சிகன் தியேட்டரின் கதை

கேள்வி: அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர மையத்தில் ஒரு பழைய சினிமா தியேட்டருக்குள் கார்கள் நிற்கும் படத்தைப் பார்த்தேன். மேலே அரண்மனை மாதிரி கூரை, கீழே வரிசையாகக் கார்கள். இது கணினியில் ஒட்டிச் சேர்த்த படமா? உண்மை என்றால், ஏன் இப்படி அரைகுறையாக விட்டு வைத்திருக்கிறார்கள்? காப்பாற்றியிருக்கலாம், இல்லாவிட்டால் இடித்திருக்கலாமே?

பதில்:

படம் உண்மைதான். அந்தக் கட்டடத்தின் பெயர் மிச்சிகன் தியேட்டர். டெட்ராய்ட் நகர மையத்தில் பேக்லி அவென்யூவில் இருக்கிறது. 1926 ஆகஸ்ட் 23இல் திறந்தார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள். 1977இல் உள்ளே இருந்ததில் பெரும்பகுதியைப் பெயர்த்துவிட்டு, அரங்குக்குள்ளேயே மூன்று தளங்களில் கார் நிறுத்துமிடம் கட்டினார்கள். ஏறக்குறைய 160 கார்கள் நிற்கும். மேல் தளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் நீங்கள் படத்தில் பார்த்த அந்தப் பூவேலைக் கூரை தெரியும்.

இந்தக் கட்டடத்தைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் சொல்வது ஒரு விஷயம். ஹென்றி ஃபோர்டு தன் முதல் காரைச் செய்த இடத்தில்தான் இந்தத் தியேட்டர் எழுந்தது. கடைசியில் காரே வந்து தியேட்டரைத் தின்றுவிட்டது என்பார்கள். தகவல் சரி. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்காது. அரைகுறையாக ஏன் விட்டார்கள் என்பதற்கான காரணம் கட்டடத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. அங்கே போவதற்கு முன், ஃபோர்டு கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதையும் பலர் தப்பாகச் சொல்கிறார்கள்.

அங்கே ஃபோர்டு தொழிற்சாலை எதுவும் இருக்கவில்லை. ஃபோர்டு அப்போது எடிசன் மின்விளக்குக் கம்பெனியில் பொறியாளர், சம்பளத்துக்கு வேலை பார்த்த மனிதர். பேக்லி 58ஆம் எண் வீட்டில் வாடகைக்கு இருந்தார். வீட்டுக்குப் பின்னால் செங்கல் சுவர் வைத்த ஒரு கொட்டகை. ராத்திரி ராத்திரியாக அதில் உட்கார்ந்து, நான்கு சைக்கிள் சக்கரம் மாட்டிய ஒரு வண்டியைச் செய்தார். 1896 ஜூன் 4 விடிகாலையில் வண்டி தயார். வெளியே எடுக்கப் பார்த்தால் கொட்டகையின் கதவு போதவில்லை. கோடரியால் செங்கல் சுவரை உடைத்து வழி செய்தார். அவ்வளவுதான். முப்பது வருஷம் கழித்து அந்த மனையில் தியேட்டர் வந்தபோது, அதே மனிதரின் தொழிலால் ஊரே வேறு ஊராகியிருந்தது. 1900இல் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 2,85,704. 1920இல் 9,93,678. 1930இல் 15,68,662. ஃபோர்டு 1914இல் நாள் கூலியை ஐந்து டாலர் என்று அறிவித்த பிறகு, சினிமாவுக்குச் செலவழிக்கக் கையில் காசுள்ள தொழிலாளர் கூட்டம் ஒன்று அந்த ஊரில் உருவானது. இந்தத் தியேட்டரைக் கட்டியதே கார் காசுதான் என்றுகூடச் சொல்லலாம். கொன்றதை மட்டும் சொல்லி, பெற்றதை விட்டுவிடுகிறார்கள்.

சரி, கட்டியது யார்? ஜான் குன்ஸ்கி. 1906இலேயே டெட்ராய்ட்டில் சின்னதாக ஒரு படக்கொட்டகை திறந்தவர். அந்தக் காலத்துப் படக்கொட்டகை என்றால் ஒரு கடை அறை, நாற்காலிகள், சுவரில் ஒரு வெள்ளைத் துணி, ஐந்து சென்ட் கட்டணம். இருபதே வருஷத்தில் அதே ஆள் நாலாயிரம் இருக்கைக்கு வந்துவிட்டார். சிகாகோவில் தியேட்டர் சங்கிலி வைத்திருந்த பலபான் அண்டு காட்ஸ் நிறுவனத்தோடு கைகோத்து மிச்சிகன் தியேட்டரைக் கட்டினார். வடிவமைத்தவர்கள் அந்த நிறுவனத்தின் ஆஸ்தானக் கட்டடக் கலைஞர்களான ராப் சகோதரர்கள், கார்னீலியஸும் ஜார்ஜும். சிகாகோ தியேட்டரை 1921இல் கட்டியதும் இவர்கள்தான்.

ராப் சகோதரர்களின் பாணி என்ன? பிரெஞ்சு அரச மாளிகையைக் கண்ணாடி, சரவிளக்கு, பளிங்கு, தங்கப்பூச்சு சகிதம் அப்படியே கொண்டுவந்து, கொஞ்சம் பெரிதாக்கி, டிக்கெட் வாங்கிய யாரும் நுழையலாம் என்று வைப்பது. மிச்சிகன் தியேட்டரின் முன்கூடம் நான்கு மாடி உயரம். படம் பார்க்கக் காத்திருக்கும் கூட்டம் அங்கேயே வாயைப் பிளந்துகொண்டு நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. இதில் வியாபார மூளை ஒன்று இருக்கிறது. ஒரு நாளில் பல காட்சிகள் ஓடும்போது, நாலாயிரம் பேர் வெளியேறும் நேரத்தில் அடுத்த ஆயிரக்கணக்கானோர் உள்ளே காத்திருக்க வேண்டும். தெருவில் வரிசையில் நிற்க வைத்தால் பாதிப் பேர் போய்விடுவார்கள். மாளிகைக்குள் நிற்க வைத்தால் காத்திருப்பதே காசுக்கு ஈடாகிவிடும். எல்லாருக்கும் ஒரே வாசல், ஒரே ராஜ உபசாரம் என்பதைப் பெரிய சமத்துவமாக அப்போது சொல்லிக்கொண்டார்கள். ஆனால் அமெரிக்காவின் பல ஊர்களில் கறுப்பின மக்களை அதே மாளிகைகளின் மேல் பால்கனிக்கு ஒதுக்கிய காலமும் அதுதான்.

ஏசி விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கோடை காலத்தில் தியேட்டரை மூடிவைப்பதுதான் அதுவரை வழக்கம், புழுக்கத்தில் யார் உட்காருவார்கள்? பலபான் சகோதரர்களில் ஒருவரான பார்னி முன்பு குளிர்பதனக் கிடங்கு கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். இறைச்சியைக் குளிர வைக்கிற இயந்திரத்தால் மனிதர்களைக் குளிர வைக்க முடியாதா என்று யோசித்தார். 1917இல் சிகாகோவில் அவர்கள் திறந்த சென்ட்ரல் பார்க் தியேட்டரில் அதைச் செய்தும் காட்டினார்கள். வீட்டில் ஏசி என்பதைக் கனவிலும் காணாத ஜனங்களுக்கு, ஜூலை மாத வெயிலில் இதுதான் படத்தைவிடப் பெரிய விளம்பரம்.

இனி உங்கள் கேள்விக்கு நேரே வருகிறேன். அந்தக் காலத்தில் நகர மையத்துப் பெரிய தியேட்டர்கள் பல தனிக் கட்டடமாக நிற்கவில்லை. தெருவை ஒட்டிய நிலம்தான் தங்க விலை. படம் ஓட்டும் அரங்குக்கு ஜன்னல் தேவையில்லை, வெளிச்சம் தேவையில்லை, தெருவைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே அரங்கைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். முன்னால் தெருவோரம் கடைகளும், அவற்றுக்கு மேலே அலுவலக மாடிகளும் வரும். நடுவில் தியேட்டருக்கு ஒரு வாசல், ஒரு பெரிய விளம்பரப் பந்தல், முன்கூடம். வாடகை தினமும் வந்துகொண்டிருக்கும், படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும். மிச்சிகன் தியேட்டரும் அப்படித்தான். அதோடு சேர்த்துக் கட்டியது 13 மாடி அலுவலகக் கட்டடம், மிச்சிகன் பில்டிங். இரண்டும் கட்டுமானத்தில் ஒன்றோடு ஒன்று பிணைந்தவை. வெளியே தெருவில் நின்று பார்த்தால் உள்ளே தியேட்டர் இருப்பதே தெரியாது, பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றுதான் தெரியும்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததெல்லாம் இதனால் நடந்ததுதான்.

தியேட்டரின் நல்ல காலம் திறப்பு விழாவின்போதே முடியத் தொடங்கிவிட்டது என்பது எனக்கு எப்போதுமே ஆச்சரியம். மிச்சிகன் தியேட்டர் பேசாத படங்களுக்காகக் கட்டியது. மேடைக்கு முன்னே பள்ளத்தில் வாத்தியக் குழு, பக்கத்தில் வுர்லிட்சர் ஆர்கன் என்ற பிரம்மாண்டமான குழாய் வாத்தியம், படத்துக்கு நடுவே ஆட்டம் பாட்டம் என்று மேடை நிகழ்ச்சி. திறப்பு விழா 1926 ஆகஸ்ட் 23. அதற்குப் பதினேழு நாள் முன்பு, ஆகஸ்ட் 6ஆம் தேதி, நியூயார்க்கில் வார்னர் சகோதரர்கள் வைட்டாஃபோன் முறையில் இசையை ஒலித்தட்டிலிருந்து ஓடவிட்டு ஒரு முழுநீளப் படத்தைக் காட்டியிருந்தார்கள். மறு வருஷம் பேச்சும் பாட்டும் வந்துவிட்டன. அதற்கடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கா முழுக்கத் தியேட்டர் வாத்தியக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். புத்தம்புதுத் தியேட்டரின் விலையுயர்ந்த உறுப்பு ஒன்று அப்போதே பழசாகிவிட்டது. மிச்சிகன் தியேட்டரின் ஆர்கன் பிறகு விற்கப்பட்டு, விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு வீட்டின் நிலவறைக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்குள் அதற்கென்றே ஒரு குட்டித் தியேட்டர் கட்டி வைத்தார்கள்.

ஆனாலும் 1930களிலும் 40களிலும் தியேட்டர் நன்றாகவே ஓடியது. குன்ஸ்கியின் தியேட்டர்கள் பாரமவுண்ட் ஸ்டுடியோவின் கைக்குப் போயின. படம் எடுப்பவனே தியேட்டரும் வைத்திருந்த காலம் அது. நல்ல படமெல்லாம் முதலில் நகர மையத்துப் பெரிய தியேட்டருக்குத்தான் வரும், பல வாரம் கழித்துத்தான் பேட்டைத் தியேட்டருக்கு. புதுப் படம் பார்க்க வேண்டும் என்றால் நகர மையத்துக்கு வந்தே தீர வேண்டும். 1948 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அதன் விளைவாக ஸ்டுடியோக்கள் தியேட்டர்களைக் கைகழுவ நேர்ந்தது. தியேட்டருக்குப் பின்னால் இருந்த பெரிய பணம் விலகிவிட்டது. கூடவே டெலிவிஷன். அமெரிக்காவில் தியேட்டருக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை 1946இல் தொட்ட உச்சத்தை அதற்குப் பிறகு தொடவே இல்லை.

டெட்ராய்ட்டுக்கு மட்டும் இதற்கு மேல் ஒரு அடி. 1926இல் அந்த நாலாயிரம் பேரும் எப்படி வந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் டிராமில் வந்தார்கள், நடந்து வந்தார்கள். எல்லாரும் காரில் வருவார்கள் என்று எண்ணி வரைந்த கட்டடமல்ல அது. 1954இல் சவுத்ஃபீல்டு புறநகரில் நார்த்லேண்ட் என்ற பிரம்மாண்டமான கடைவளாகம் திறந்தது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான கார்களுக்கு இலவச இடம். 1956 ஏப்ரலில் டெட்ராய்ட்டின் கடைசி டிராம் ஓடி நின்றது. நகரத்தைக் கிழித்துக்கொண்டு விரைவுச் சாலைகள் வந்தன. 1950இல் 18,49,568 ஆக உச்சத்தில் இருந்த மக்கள்தொகை 1970இல் சுமார் 15 லட்சம், 1980இல் 12 லட்சம். போனவர்கள் புறநகருக்குப் போனார்கள், அங்கேயே தியேட்டரும் வந்துவிட்டது. சும்மா ஒரு படம் பார்க்க, காரை நிறுத்த இடம் தேடி, காசு கொடுத்து நிறுத்தி, நகர மையத்துக்கு யார் வருவார்கள்? மிச்சிகன் தியேட்டர் 1967இல் முதல்முறை மூடியது.

அதற்குப் பிறகு அந்தக் கூடத்தை வைத்து என்ன செய்வது என்று ஆளாளுக்கு ஒன்று முயன்று பார்த்தார்கள். திரும்பப் படம் ஓட்டினார்கள், எடுபடவில்லை. 1970களின் தொடக்கத்தில் உணவோடு நிகழ்ச்சி பார்க்கும் கேளிக்கை விடுதியாக்கினார்கள், அதுவும் எடுபடவில்லை. கடைசியில் மிச்சிகன் பேலஸ் என்ற பெயரில் ராக் இசைக் கூடமானது. தி ஸ்டூஜஸ் குழுவின் 1974 பிப்ரவரிக் கச்சேரி இங்கேதான் நடந்தது. கூட்டம் மேடையை நோக்கி முட்டையும் பாட்டிலும் பனிக்கட்டியும் எறிய, பாடகர் இக்கி பாப் பதிலுக்கு அவர்களைச் சீண்ட, அத்தனையும் ஒலிப்பதிவாகிப் பின்னால் தட்டாக வெளிவந்தது. ராக் இசை ரசிகர்களுக்கு இந்தக் கட்டடம் இன்றும் அதற்காகத்தான் நினைவிருக்கிறது. ஆனால் கட்டடத்துக்கு அது கெட்ட காலம். கண்ணாடி உடைந்தது, பூவேலை பெயர்ந்தது, பழுது பார்க்கக் காசில்லை. 1976இல் அதுவும் நின்றது.

யானை இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானை இறந்தபோது ஒருவரும் விலை கேட்கவில்லை. ஆனால் அதோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு யானை உயிரோடு இருந்தது: முன்னால் நிற்கும் 13 மாடி அலுவலகம். அதில் வாடகைக்கு இருந்தவர்கள் கார் நிறுத்த இடம் கேட்டார்கள், இல்லாவிட்டால் காலி செய்கிறோம் என்றார்கள். புறநகரில் அலுவலகம் எடுத்தால் வாசலிலேயே காரை நிறுத்தலாம் என்ற காலம். உரிமையாளருக்கு முதலில் தோன்றியது எல்லாருக்கும் தோன்றுவதுதான்: அரங்கை இடித்துவிட்டு அந்த மனையைக் கார் நிறுத்துமிடமாக்குவது. பொறியாளர்கள் தடுத்தார்கள். அரங்கை இடித்தால் அலுவலகக் கட்டடத்தின் உறுதி கெடும் என்றார்கள். இடிக்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது. அப்படியானால் உள்ளேயே கார் நிறுத்து! 1977இல் இருக்கைகளையும் தரையையும் பால்கனியின் பெரும்பகுதியையும் முன்கூடத்தின் பெரிய படிக்கட்டையும் அகற்றிவிட்டு, உள்ளே கான்கிரீட் தளங்களை எழுப்பினார்கள்.

ஆக, அந்தக் கட்டடம் இன்னும் நிற்பது அதன் அழகுக்காக இல்லை. பக்கத்து அலுவலகத்தின் தோள் அது, அதனால் நிற்கிறது.

அப்படியென்றால் கூரை ஏன் மிஞ்சியது? இங்கே நான் சொல்வது என் கணிப்பு, ஆனால் இந்த மாதிரிக் கட்டடங்களின் அமைப்பை அறிந்த யாரும் இதைத்தான் சொல்வார்கள். தியேட்டர் மாளிகைகளின் அந்த அலங்காரக் கூரை உண்மையில் கூரை அல்ல. உண்மையான கூரை அதற்கு மேலே, இரும்புச் சட்டங்களின் மீது இருக்கும். அந்தச் சட்டங்களிலிருந்து கம்பிகளைத் தொங்கவிட்டு, அதில் வலை கட்டி, வலையில் பிளாஸ்டர் பூசி, அச்சில் வார்த்த பூக்களை ஒட்டி, தங்கப்பூச்சுக் கொடுப்பார்கள். சரவிளக்குக்கு விளக்கு மாற்றக்கூட மேலே போய் இரண்டுக்கும் நடுவே நடந்து போய்த்தான் மாற்ற வேண்டும். அந்தப் பிளாஸ்டர் எந்தச் சுமையையும் தாங்கவில்லை. கார் தளங்களுக்கு அது இடைஞ்சலும் இல்லை. அவ்வளவு உயரத்துக்குச் சாரம் கட்டி அதை இறக்குவது வீண் செலவு. ஆகவே விட்டுவிட்டார்கள். கலையுணர்வால் காப்பாற்றியது என்று சிலர் எழுதுவதைப் படித்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். சோம்பலும் சிக்கனமும் காப்பாற்றிய அளவுக்குப் பழைய கட்டடங்களை வேறெதுவும் காப்பாற்றியதில்லை. அந்தக் கூரைக்கு உண்மையான எதிரி தண்ணீர். மேல்கூரை ஒழுகாதவரை பிளாஸ்டர் நூறு வருஷம்கூட நிற்கும். ஓர் இடத்தில் ஒழுக ஆரம்பித்தால், வலை துருப்பிடித்துப் பாளம் பாளமாக விழும்.

காப்பாற்றியிருக்கலாமே என்கிறீர்கள். பக்கத்திலேயே காப்பாற்றிய தியேட்டர்கள் இருக்கின்றன. 1928இல் திறந்த ஃபாக்ஸ் தியேட்டர், ஐயாயிரத்துக்கும் மேல் இருக்கைகள். அது எல்லாக் கஷ்டத்திலும் கதவை மூடாமல், மலிவான சண்டைப் படங்களை ஓட்டிக்கொண்டு 1980கள் வரை தாக்குப் பிடித்தது. அப்புறம் பீட்சா கடைச் சங்கிலி வைத்திருந்த ஒரு கோடீஸ்வரக் குடும்பம் அதை வாங்கி, 1988இல் பழைய பொலிவோடு திறந்தது. 1922இல் கேபிடல் என்ற பெயரில் கட்டிய தியேட்டர் 1996இல் டெட்ராய்ட்டின் ஆப்பெரா அரங்கானது. இரண்டுக்கும் பொதுவான விஷயம், கையில் பணத்தோடும் பொறுமையோடும் ஓர் ஆள் வரும்வரை உள்கட்டமைப்பு சிதையாமல் இருந்தது. மிச்சிகன் தியேட்டரில் 1977இலேயே அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. டெட்ராய்ட்டில் பழைய தியேட்டர்களை யாராவது திரும்பக் கேட்பார்கள் என்று அந்த வருஷம் சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும், அதனால் அந்த உரிமையாளரை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

இடித்திருக்கலாமே என்பதற்கும் உதாரணம் அதே பேக்லி அவென்யூவிலேயே இருக்கிறது. யுனைட்டெட் ஆர்டிஸ்ட்ஸ் தியேட்டர், இதுவும் 1928. அதே மாதிரி முன்னால் அலுவலகக் கோபுரம், 18 மாடி, பின்னால் அரங்கு. பல பத்தாண்டுகள் இரண்டுமே பூட்டிக் கிடந்தன. 2020களில் கோபுரத்தைக் குடியிருப்பாகப் புதுப்பித்தார்கள், அரங்கை இடித்துவிட்டார்கள். அங்கும் பிழைத்தது வாடகை தரும் பாதிதான். இரண்டு தியேட்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு மிச்சிகன் தியேட்டரின் கதியே மேல் என்று படுகிறது. கார் நின்றாலும், உள்ளே நுழைந்தால் அந்த இடத்தின் அளவு உடம்பில் உறைக்கிறது. இடித்த தியேட்டரில் அந்த அளவைக் காட்ட ஒன்றுமே மிச்சமில்லை.

சினிமாவும் அந்தக் கட்டடத்தை மறக்கவில்லை. ராப் பாடகர் எமினெம் நடித்து 2002இல் வந்த ‘எயிட் மைல்’ படத்தில் ஒரு காட்சி இங்கே எடுத்ததுதான். படம் காட்டுவதை விட்டுவிட்டு, படத்துக்குள்ளேயே போய்விட்டது.

உங்கள் கையில் இருக்கும் படத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். கார்களுக்குப் பின்னால் பெரிய வளைவு ஒன்று தெரிகிறதா? அதுதான் மேடையின் முகப்பு. அங்கே கந்தலாகத் தொங்குவது தியேட்டரின் பழைய திரைச்சீலை. படம் எதிர்த் திசையிலிருந்து எடுத்ததாக இருந்தால், சுவரில் உயரத்தில் ஓர் அறையும் சதுரத் துளைகளும் தெரியலாம், அது ஆபரேட்டர் ரூம். அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட்டால் ஆனது, தீப்பொறி பட்டால் அணைக்கவே முடியாது என்பதால், அந்த அறையை மட்டும் தீ தாங்கும்படி தனிப் பெட்டி மாதிரிக் கட்டுவார்கள். நேரில் போகும் எண்ணம் இருந்தால், அது தனியார் கார் நிறுத்துமிடம் என்பதை நினைவில் வையுங்கள். காவலில் இருப்பவரிடம் முதலில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.